தாராவிக் கலவரமும் அதற்குப் பிந்தைய அமைதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா, அம்மா இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். 1992-இல் எனக்கு 11 வயது. இப்போது எங்கள் ஏரியா மொஹல்லா கமிட்டிக் (தெரு அமைதிக் குழு) கூட்டங்களுக்குப் போய்வருகிறேன். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், இங்கே கல்லூரிப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள், வீட்டில் என் மகள் கேட்கிறாள். சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான். அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சில கேள்விகளுக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

1992–93-இல் மும்பையில் என்னதான் நடந்தது?

1992 டிசம்பர் 6-ஆம் தேதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அன்று இரவே பம்பாயில் கலவரம் தொடங்கிவிட்டது. முதல் சுற்று அந்த வாரத்தோடு ஓரளவு அடங்கியது. அடங்கியது என்று நாங்கள் நினைத்தோம். டிசம்பர் கடைசியிலிருந்து தெருக்களில் மகா ஆரத்திகள், அதாவது கூட்டம் கூட்டி நடத்தும் ஆரத்தி வழிபாடுகள், நடக்க ஆரம்பித்தன. ஜனவரி முதல் வாரத்தில் டோங்ரியில் மாத்தாடி (சுமை தூக்கும்) தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். ஜோகேஸ்வரியில் ராதாபாய் சால் என்ற வரிசைக் குடியிருப்பில் ஒரு வீட்டைப் பூட்டித் தீ வைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டாவது சுற்று, முதல் சுற்றைவிடக் கொடூரமாக, ஜனவரி 20 வரை நடந்தது.

கலவரத்தை விசாரித்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்குப்படி இறந்தவர்கள் 900 பேர். 575 முஸ்லிம்கள், 275 இந்துக்கள், 45 பேர் யாரென்று அடையாளம் தெரியாதவர்கள், மற்றவர்கள் 5 பேர். எப்படி இறந்தார்கள் என்ற கணக்கையும் பாருங்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 356 பேர், கத்திக்குத்தில் 347 பேர். கலவரம் என்றால் இரண்டு கூட்டம் மோதிக்கொள்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதிகம் பேர் செத்தது காக்கிச் சட்டையின் குண்டில்.

அப்புறம் மார்ச் 12-ஆம் தேதி தொடர் குண்டுவெடிப்பு. அதில் 257 பேர் போனார்கள்.

தாராவியில் எப்படி ஆரம்பித்தது?

மசூதி இடிந்த செய்தி வந்த அன்றே, அதைக் கொண்டாட சிவசேனைக்காரர்கள் 200, 300 பேர் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். பதற்றமான தெருக்கள் வழியாகச் சுற்றிவந்து காலா கில்லாவில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். இது ஆணைய அறிக்கையிலேயே இருக்கிறது. முஸ்லிம்களின் எதிர்ப்பு முதலில் சாதாரணப் போராட்டமாகக் கிளம்பி வன்முறையாக மாறியது என்றும், ஜனவரித் தாக்குதல்களை முன்னின்று நடத்தியது சிவசேனை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு அந்த சைக்கிள் மணிச் சத்தம் ஞாபகம் இருக்கிறது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன். அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

தமிழர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள்?

எல்லாப் பக்கமும் இருந்தார்கள்.

தாராவியில் தமிழ் என்றால் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. தோல் பதனிட வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே மிகப் பழைய குடிகள். ஆதிதிராவிடர், நாடார், தேவர், கிறிஸ்தவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். படி மசூதி (பெரிய பள்ளிவாசல்) 1887-இல் தொடங்கியது. கணேசர் கோயில் 1913-இல் வந்தது. இவர்கள் எல்லோரும் ஒரே கடையில் இட்லி மாவு வாங்கியவர்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1966-இல் சிவசேனை தொடங்கியபோது அவர்கள் விரட்ட நினைத்தது முஸ்லிம்களை அல்ல, நம்மைத்தான். 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' (ஊதலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு) என்ற கோஷத்தை என் அப்பா காதால் கேட்டிருக்கிறார். மதராசி என்று அடி வாங்கியிருக்கிறார். இருபத்தைந்து வருஷம் கழித்து, அதே தெருவில், அவரை யாரும் மதராசி என்று பார்க்கவில்லை, இந்து என்று பார்த்தார்கள். எதிர்வீட்டில் அதே தமிழ் பேசிய மனிதரை முஸ்லிம் என்று பார்த்தார்கள். 'ஒரே ராத்திரியில நம்மள பிரிச்சு எண்ணிட்டானுவ' என்று அப்பா சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை.

தமிழ் பேசியதால் சிலர் தப்பித்தார்கள், உண்மைதான். தமிழ் பேசிய கைகள் கொள்ளையடித்ததும் உண்மைதான்.

உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் என்ன நடந்தது?

எங்கள் சந்துக்கும் அடுத்த சந்துக்கும் நடுவில் ஒரு கட்டர் ஓடியது. திறந்த சாக்கடை, நாலடி அகலம் இருக்கும். இந்தப் பக்கம் பெரும்பாலும் இந்துக்கள், அந்தப் பக்கம் பெரும்பாலும் முஸ்லிம்கள். யாரும் திட்டம் போட்டு அப்படி வைக்கவில்லை. தெரிந்தவர் பக்கத்தில் தெரிந்தவர் வந்து கோலி (ஓரறை வீடு) போட்டதால் அப்படி ஆனது. எங்களுக்கு நேர் எதிரே மேலப்பாளையத்து முஸ்லிம் குடும்பம். அந்த மாமியும் என் அம்மாவும் ஒருவரையொருவர் மைனி என்றுதான் கூப்பிடுவார்கள்.

தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் இருந்தது. விடிகாலை 5 மணிக்குத் தண்ணீர் வரும், இரண்டு மணி நேரம்தான்.

ஜனவரியில் கர்ஃப்யூ போட்ட முதல் நாள் எங்கள் பக்கத்திலிருந்து யாரும் கட்டரைத் தாண்டவில்லை. குடத்தில் இருந்ததை வைத்து ஓட்டினோம். இரண்டாவது நாள் விடியுமுன் கல்லில் ஏதோ உலோகம் தட்டும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. மாமி கட்டர் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிடப் பயம். அம்மா காலிக் குடத்தை நீட்டினாள், மாமி நிரப்பி இந்தப் பக்கம் தள்ளினார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு குடம். திரும்ப அனுப்பிய ஒரு காலிக் குடத்துக்குள் அம்மா மண்ணெண்ணெய் பாட்டிலை வைத்தாள், ஏனென்றால் ரேஷன் கடை எங்கள் பக்கம் இருந்தது.

சந்து முனையில் ட்யூப் லைட்டும் கம்பியும் வைத்துக்கொண்டு காவல் இருந்த பையன்களில் ஒருவன் இதைப் பார்த்துவிட்டான். பாலில் விஷம், தண்ணீரில் விஷம் என்று வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். 'அக்கா, அந்தத் தண்ணில என்ன போட்டிருக்கானோ' என்றான். அம்மா பதில் சொல்லவில்லை. அதே தண்ணீரில் காப்பி போட்டு, முதலில் நாங்கள் குடித்து, அவனுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குளிரில் இரவு முழுக்க நின்றவன், வாங்கிக் குடித்தான். பதினோரு நாள் அந்தக் குடங்கள் போய்வந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே வாரத்தில் எங்கள் சந்தில் ஒருவர் வீட்டுக்குச் சாக்கில் சுற்றிய ஒரு மெஷின் வந்தது. தோல் தைக்கும் மெஷினின் தலை. எங்கோ எரிந்த பட்டறையிலிருந்து எடுத்தது. எல்லோரும் பார்த்தோம். யாரும் கேட்கவில்லை. என் அப்பாவும் கேட்கவில்லை. அடுத்த பத்து வருஷம் அது அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் எங்கள் சுவர் வழியாகக் கேட்டது. தண்ணீர்க் கதையைப் பல மேடையில் சொல்லியிருக்கிறேன், இந்தக் கதையை எழுத 30 வருஷம் ஆகியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதெல்லாம் கிடையாதே. பம்பாய்தானே நம் ஆட்களைக் கெடுத்தது?

ஊரில் இதைச் சொல்லாத ஆளே இல்லை. 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதியது குமரி மாவட்டத்தில்தான். 1997 நவம்பரில் கோயம்புத்தூரில் செல்வராஜ் என்ற காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த நாட்களில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். எங்கள் திருநெல்வேலியின் சாதிச் சண்டைகளைப் பற்றி நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? பம்பாய்த் தண்ணீர்மேல் பழி போட வேண்டாம்.

குற்றம் செய்தவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா?

குண்டுவெடிப்பு வழக்கில் கிடைத்தது. தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 100 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் ஒருவரான யாகூப் மேமன் 2015 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார்.

கலவர வழக்குகளின் கதை வேறு. ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தை 1993 ஜனவரியில் அமைத்தார்கள். 1996 ஜனவரியில் அன்றைய சிவசேனை–பா.ஜ.க. அரசு அதைக் கலைத்தது. சில மாதங்களில் திரும்ப அமைத்தது. 1998-இல் அறிக்கை வந்தபோது அதே அரசு அதை ஏற்க மறுத்தது. அறிக்கை 31 போலீஸ்காரர்களைக் குற்றம் சாட்டியிருந்தது. பின்னால் காங்கிரஸ் கூட்டணி பதினைந்து வருஷம் ஆண்டது. அவர்களும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. இதைச் சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் கோபப்படுகிறார்கள்.

2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போன 253 வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை 6. காணாமல் போனவர்களில் 108 பேரின் குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்து, வட்டியோடு 2 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. முப்பது வருஷம் கழித்து, 'காணாமல் போனவர்' என்ற பெயரிலேயே அப்பாவை வைத்திருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். சவத்தைப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த அழுகைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு பக்கத்துக் குற்றத்துக்குத் தூக்கு, மறுபக்கத்துக் குற்றத்துக்கு ஃபைல் மூடல். கட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தினமும் தெரியும். நாம் 'அமைதி' என்று பேசப் போகும்போது அவர்கள் மனதில் இது இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

மொஹல்லா கமிட்டி என்றால் என்ன? அதனால் உபயோகம் உண்டா?

இதன் வேர் பிவண்டியில் இருக்கிறது. விசைத்தறி ஊர். 1970-லும் 1984-லும் அங்கே பயங்கரக் கலவரங்கள் நடந்தன. 1988-இல் அங்கே போலீஸ் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே, தெருத் தெருவாக இந்துவும் முஸ்லிமும் சேர்ந்த கமிட்டிகளை அமைத்தார். போலீஸ்காரரும் அதில் உட்கார வேண்டும். 1992-இல் பம்பாய் எரிந்தபோது பக்கத்திலிருந்த பிவண்டி எரியவில்லை.

பம்பாயில் கலவரத்துக்குப் பிறகு முன்னாள் போலீஸ் கமிஷனர் ஜூலியோ ரிபேரோ, அப்போதைய கமிஷனர் சதீஷ் சாஹ்னி, சமூக சேவகர் சுஷோபா பார்வே போன்றவர்கள் சேர்ந்து இங்கேயும் ஆரம்பித்தார்கள். தாராவியில் வக்கார் கானும் பாவு கோர்டேயும் அலைந்து திரிந்து வேலை செய்தார்கள். ஒருவர் துணி தைக்கும் தொழில் செய்தவர், மற்றவர் பள்ளிக்கூட வேலை பார்த்தவர். நான்கு மத உடையில் சிறுவர்கள் நிற்கும் 'ஹம் சப் ஏக் ஹைன்' (நாம் எல்லோரும் ஒன்று) போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள், அது அவர்கள் வழியாக வந்ததுதான். போலீஸும் ஏரியாப் பையன்களும் ஆடும் கிரிக்கெட் போட்டியும் இந்தக் கமிட்டிகள் நடத்தியதுதான்.

உபயோகம் உண்டா என்றால், போஸ்டராலும் கிரிக்கெட்டாலும் மட்டும் கலவரம் நிற்காது. நிஜ வேலை எங்கே நடக்கிறது என்றால், மிகச் சாதாரண விஷயங்களில். குழாய்ச் சண்டை, குப்பை, கணபதி ஊர்வலம் எத்தனை மணிக்கு மசூதி வாசலைத் தாண்டுவது, பக்ரீத் அன்று கழிவை எங்கே கொட்டுவது, ஒரு பையனும் பெண்ணும் ஓடிப்போனால் யார் யார் வீட்டுக்குப் போய்ப் பேசுவது. இதற்கெல்லாம் மாதாமாதம் கூடி டீ குடித்து, வாய்ச்சண்டை போட்டு, சலித்து எழுந்துபோகிறவர்கள்தான், பிரச்சினை வரும் இரவில் ஒருவரையொருவர் தயங்காமல் போனில் கூப்பிடுவார்கள். முன்பின் பேசாதவரை அன்று போய்க் கூப்பிட முடியாது. நான் பார்த்தவரை, முதல் ஒரு மணி நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் யாருக்குப் போன் போடுவது என்று தெரிந்த தெரு தப்பிக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. கூட்டத்தில் வயசாளிகள்தான் அதிகம். பெண்களைப் பின்வரிசையில் உட்காரவைக்கிறார்கள். கட்சிக்காரர் ஒருவர் வந்துவிட்டால் மைக் அவர் கைக்குப் போய்விடும். போலீஸ் அதிகாரி நல்லவராக இருந்தால் கமிட்டி உயிரோடு இருக்கிறது, அவர் மாற்றலாகிப் போனால் நாற்காலிகள் காலி.

வாட்ஸ்அப்பில் பதறவைக்கும் வீடியோ வந்தால் என்ன செய்வது?

முன்பு 'கடல் வழியாக ஆயுதம் இறங்குகிறது' என்ற வதந்தி வாய் வழியாகப் பரவ இரண்டு நாள் ஆனது. அதற்கே மாட்டுங்காவிலிருந்து மாஹிம் வரை ஆண்கள் தூங்காமல் காவல் காத்தார்கள். இப்போது இரண்டு நிமிடம் போதும்.

முதலில், யாருக்கும் அனுப்பாதீர்கள், 'உண்மையா பாருங்க' என்று கேட்டுக்கூட அனுப்பாதீர்கள். அப்படித்தான் எங்கள் குரூப்பில் ஒரு பழைய வேற்றுநாட்டு வீடியோ தாராவி வீடியோவாகிவிட்டது. பிறகு, அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குப் போன் செய்து கேளுங்கள். 'இங்க ஒண்ணும் இல்லியே, கடை திறந்திருக்கு' என்ற அந்த ஒரு குரலைப் பதிவு செய்து அதே குரூப்பில் போடுங்கள். எழுதிப்போடும் மறுப்பை யாரும் படிப்பதில்லை, தெரிந்தவர் குரலை நம்புகிறார்கள். நிஜமாகவே ஆபத்து என்றால் 112. வெறுப்பைத் தூண்டும் பேச்சு குற்றம், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 196. புகார் வராவிட்டாலும் போலீஸ் தானாகவே வழக்குப் போட வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் இழுத்தடித்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது அமைதியாகத்தானே இருக்கிறது?

இருக்கிறது. ஆனால் மெல்லிய கண்ணாடி. 2024 செப்டம்பரில் தொண்ணூறு அடி ரோட்டில் மெஹ்பூப்-இ-சுபானி மசூதியின் ஒரு பகுதி சட்டவிரோதக் கட்டடம் என்று இடிக்க மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். காலையிலேயே கூட்டம் கூடிச் சாலையை மறித்தது, மாநகராட்சி வண்டியின் கண்ணாடி உடைந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மசூதி நிர்வாகத்தினர் தாங்களே நீக்கிக்கொள்கிறோம் என்று அவகாசம் கேட்டார்கள், அதிகாரிகள் கொடுத்தார்கள், மாலைக்குள் அடங்கியது. பேசத் தெரிந்த இரண்டு தரப்பு இருந்ததால் அடங்கியது.

எனக்கு இப்போது பெரிய கவலை, தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் புனரமைப்புத் திட்டம். யாருக்கு இங்கேயே வீடு, யாருக்கு வெளியே என்று தகுதிப் பட்டியல் போடுகிறார்கள். 2000 ஜனவரி 1 என்ற தேதிக்கு முன்பா பின்பா, தரைத்தளமா மாடியா என்று பிரிக்கிறார்கள். நல்ல வீடு வேண்டும்தான், யாருக்கு வேண்டாம்? ஆனால் முப்பது வருஷம் சண்டைபோட்டு, சமாதானமாகி, ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருக்கும் சந்துகளைக் கலைத்துப் போட்டால், அந்தப் போன் நம்பர்கள் எல்லாம் வீணாகிவிடும். பட்டியல் போடுபவர்கள் இதை எந்த ஃபாரத்திலும் கேட்பதில்லை.

பழசை ஏன் கிளற வேண்டும்?

கிளறுவது நாங்கள் இல்லை. வாடகைக்கு வீடு தேடும் முஸ்லிம் பையனிடம் பெயரைக் கேட்டதும் 'வீடு போயிருச்சு' என்று சொல்கிற இந்த நகரம்தான் தினமும் கிளறுகிறது.

பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது?

நான் பத்து வயது வரை சொல்லவில்லை. பிறகு தண்ணீர்க் குடத்தில் ஆரம்பித்தேன். போன வருஷம் மெஷினையும் சொன்னேன். 'தாத்தா ஏன் கேக்கல?' என்று மகள் கேட்டாள். பயம் என்றேன். 'அப்புறம் பயம் போனதுக்கு அப்புறம்?' என்றாள். நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இருந்தாலும் நம் பக்கத்துத் தப்பை முதலில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் வேறு எங்காவது போய் மற்றவர்களின் தப்பை மட்டும் கற்றுக்கொள்வார்கள்.

எதிர்வீட்டுக் குடும்பம் இப்போது எங்கே?

தானே பக்கம் இருக்கும் மும்ப்ராவில். கலவரத்துக்குப் பிறகு பம்பாயிலிருந்து எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் அங்கே குடிபோயின. சின்ன ஊராக இருந்தது பெரிய நகரமாகிவிட்டது. மாமியின் குடும்பம் 1993 மே மாதம் போனது. அவசரத்தில் சாமான் ஏற்றும்போது குடங்கள் மாறிவிட்டன. 'மை.பா. 1986' என்று பெயர் வெட்டிய அவர்களுடைய எவர்சில்வர் குடம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மாவின் கல்யாணக் குடம் அவர்கள் வீட்டில். மாற்றிக்கொள்ளலாமா என்று ஒருமுறை அம்மா கேட்டாள். 'இருக்கட்டும் மைனி, ரெண்டுலயும் தண்ணிதான பிடிக்கோம்' என்றார் மாமி.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் நான் மும்ப்ராவுக்குப் போகிறேன். மாமா ஒரு தோல் பை பட்டறையில் வேலை பார்த்தவர். அந்த ஜனவரியில் அந்தப் பட்டறை எரிந்தது. எங்கள் சந்துக்கு வந்த மெஷின் அங்கிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும் என்று ரயிலில் நினைத்துக்கொண்டே போகிறேன். மாமா பிரியாணித் தட்டை என் முன் நகர்த்தி, 'அப்பா சவுக்கியமா, முட்டுவலி தேவலையா' என்று விசாரிக்கிறார். கேட்காமலே திரும்பி வருகிறேன்.